இரண்டு ஏக்கர் பழைய தேயிலை: பிடுங்கி நடுவதா, இருப்பதைத் தேற்றுவதா?

நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடிகளின் கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து தோட்டம் மொட்டையாக நிற்கும்போதுதான் நிலத்தின் உண்மை நிலை தெரியும். மற்ற நாட்களில் ஒரு செடியின் கிளை பக்கத்துச் செடிமேல் படர்ந்து பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும். எங்கே செடி செத்தது, எங்கே வெறும் மண் கிடக்கிறது என்பது பாதையில் நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. இந்த ஏப்ரலில் கோத்தகிரிப் பக்கம் உள்ள எங்கள் இரண்டு ஏக்கரிலும் கவாத்து முடிந்ததும், வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து முழ நீளத்துக்குக் குச்சி ஒடித்து, நூறு நூறாகக் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினோம். செடி இல்லாத இடத்தில் ஒரு குச்சி. அவ்வளவுதான் வேலை. மாலைக்குள் 11 கட்டு தீர்ந்து, பன்னிரண்டாவது கட்டில் 30 குச்சியும் போயிருந்தது. ஆக 1,130 வெற்றிடங்கள்.

தாத்தா காலத்தில் நட்டது, விதைச்செடி. 4 அடிக்கு 4 அடி இடைவெளி. அந்தக் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 2,700 செடி நிற்க வேண்டும். இரண்டு ஏக்கருக்கு 5,400. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. ஒரு வெற்றிடம் 16 சதுர அடி என்றால் 1,130 வெற்றிடம் 41 சென்ட். அப்பா ஒரு காலத்தில் பக்கத்து நிலம் 40 சென்ட் விலைக்கு வந்தபோது கடன் வாங்கியாவது வாங்கிவிட வேண்டும் என்று அலைந்தார். அவ்வளவு நிலம் எங்கள் தோட்டத்துக்குள்ளேயே வெறுமையாகக் கிடந்திருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் இத்தனை ஆண்டும் களை எடுத்தோம், உரம் போட்டோம்.

சரி, இனி என்ன செய்வது? வீட்டில் ஆளுக்கொரு பதில். அத்தான், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, தேர்ந்த தாய்ச்செடியின் தண்டிலிருந்து வளர்த்த குளோன் செடி வைக்கலாம் என்றார். அக்காவுக்குக் கேரட் போட ஆசை. கோவையில் இருக்கும் பெரியப்பா மகன், காட்டேஜ் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்றார். அம்மா மட்டும் ஒரே கேள்விதான் கேட்டார்: "செடியப் பிடுங்கிட்டா நாலு வருஷம் வீட்டுக்கு என்ன வழி?" கணக்கு எழுதும் வேலை என்னிடம் வந்தது. நீலகிரியில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பல வீடுகளில் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும் என்பதால் அந்தக் கணக்கை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தை நன்றாகப் பயன்படுத்துவது என்றாலே "ஏக்கருக்கு எத்தனை கிலோ" என்றுதான் பேசுகிறோம். அது ஒரு அளவுகோல், அவ்வளவுதான். காத்திருக்க எத்தனை வருடம், பறிக்க ஆள் உண்டா, மழையில் மண் நிற்குமா, தப்பாகிப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்ற கேள்விகளும் அதே அளவுக்கு முக்கியம். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. மலைச்சரிவில் நிலம் வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் எண்ணம்.

பிடுங்கி நட்டால்

அத்தான் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்கள் செடிகள் 60 வருடத்தைத் தாண்டியவை. விதைச்செடி என்பதால் ஒன்று இன்று துளிர்க்கும், ஒன்று அடுத்த வாரம் துளிர்க்கும். ஆளைக் கூட்டிவந்தால் பாதிச் செடியில்தான் கொழுந்து இருக்கும். குளோன் தோட்டம் ஒரே சீராகத் துளிர்க்கும். சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில் இரட்டை வரிசையாக நட்டால் ஹெக்டேருக்கு 13,200 செடி, அதாவது ஏக்கருக்கு 5,300 போல வைக்கலாம். எங்கள் பழைய நடவைப்போல இரண்டு மடங்கு. தென்னிந்தியத் தோட்டக்காரர்களின் சங்கமான உபாசியின் உபாசி-9 வறட்சி தாங்கும், சி.ஆர்.-6017 மணத்துக்குப் பேர்போனது என்று குளோன் வகையைத் தேர்ந்தெடுத்தும் நடலாம்.

இப்போது கணக்கு. எங்கள் நிலத்தில் ஏக்கருக்கு 2,750 கிலோ பச்சை இலை கிடைக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்ட குளோன் தோட்டத்தில் 5,000 கிலோ எடுக்கலாம் என்று வைப்போம். விலை மாதாமாதம் மாறும். கணக்குக்காகக் கிலோ 20 ரூபாய். பறிகூலி, உரம், மருந்து போகப் பாதி கையில் நிற்பதாகக் கொள்வோம். அப்படியானால் குளோனால் ஏக்கருக்கு ஆண்டுக்குக் கூடுதலாக 22,500 ரூபாய் கிடைக்கும். ஆனால் பிடுங்கிய நாளிலிருந்து புதுச்செடி ஒழுங்காக இலை தரும் வரை நாலரை வருடமாவது ஆகும். அந்தக் காலத்தில் பழைய செடி தந்திருக்கக்கூடிய வருமானம், அதே பாதிக் கணக்கில், ஏக்கருக்கு 1,24,000 ரூபாய். இழந்த இந்தப் பணத்தை மட்டும் மீட்கவே அதற்கப்புறம் ஐந்தரை வருடம் வேண்டும். பிடுங்கின நாளிலிருந்து பத்து வருடம். குழி, செடி, ஆள்கூலி என்று நட்ட செலவு தனி.

நாலரை வருடம் எதற்கு, பிடுங்கிய மழையிலேயே நட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அங்கேதான் கெட்டுப்போகிறது. பழைய தேயிலை வேரில் வேரழுகல் பூஞ்சை இருந்தால் அது மண்ணிலேயே தங்கி, புதுச்செடியின் வேரைப் பிடிக்கும். அதனால்தான் வேரை முழுவதும் கெல்லி எடுத்துவிட்டு, குவாத்தமாலா புல்லை நட்டு, அதை வெட்டி வெட்டி அங்கேயே மூடாக்குப் போட்டு, 18 முதல் 24 மாதம் மண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறார்கள். வருமானம் இல்லாமல் புல்லுக்காக ஒன்றரை வருடம் காத்திருக்கப் பெரிய எஸ்டேட்டால் முடியும். இரண்டு ஏக்கர்காரரிடம் முழு நிலத்திலும் அப்படிச் செய்யச் சொல்வது நடக்காத காரியம்.

இன்னொன்று வேர். குளோன் செடி என்பது ஓர் இலையோடு வெட்டிய தண்டுத் துண்டிலிருந்து வளர்த்தது. அதற்கு ஆணிவேர் கிடையாது. விதைச்செடிக்கு உண்டு. மார்ச் வெயிலில் பக்கத்துக் குளோன் தோட்டம் வாடி நிற்கும்போது எங்கள் கிழட்டுச் செடிகள் கருப்பச்சையாக நிற்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை வரும் இடத்தில் இரண்டு ஏக்கர் சரிவை முழுவதும் கெல்லி, இரண்டு மூன்று பருவம் வெறும் மண்ணாகவோ இளஞ்செடியாகவோ விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. நட்டே ஆக வேண்டிய இடத்தில், சரிவு கூடுதலாக இருந்தால், உபாசியின் பி.எஸ்.எஸ். விதை வகைகளைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு தேர்ந்த குளோன்களுக்குப் பிறந்த விதை என்பதால் ஆணிவேரும் கிடைக்கும், விளைச்சலும் மோசமில்லை.

இருப்பதைத் தேற்றினால்

இதற்குப் பேர் சொல்லும்படி எதுவும் இல்லை. மானியப் பலகை வைக்க முடியாது, புதுத் தோட்டம் என்று யாருக்கும் காட்ட முடியாது. ஆனால் எங்கள் மாதிரி நிலத்துக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான் என்று நம்புகிறேன்.

முதல் வேலை வெற்றிடம் நிரப்புவது. இதை எந்த வருடம் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்து நாங்களே முன்பு ஏமாந்திருக்கிறோம். கவாத்து வெட்டி மூன்று வருடமான தோட்டத்தில், பெரிய செடிகளுக்கு நடுவே சின்னக் கன்றை வைத்தால் அதற்கு வெளிச்சமும் கிடைக்காது, தண்ணீரும் கிடைக்காது. நாங்கள் வைத்ததில் முக்கால்வாசி செத்தது. கவாத்து வெட்டிய வருடம்தான் நிரப்புவதற்கான வருடம். பழைய செடி மறுபடி படர்ந்து மேலே மூடுவதற்குள் புதுக்கன்றுக்கு ஒரு வருட வெளிச்சம் கிடைத்துவிடும். அடுத்து, எல்லா வெற்றிடத்தையும் நிரப்பப் பார்க்கக் கூடாது. சுற்றிலும் பெரிய செடி நிற்க, நடுவில் ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அதை விட்டுவிடலாம். பக்கத்துச் செடிகளின் ஓரக்கிளைகளைப் பறிக்காமல் நீளவிட்டாலே அந்த இடம் மூடிவிடும். இரண்டு மூன்று சேர்ந்து விழுந்த இடத்தில்தான் கன்று பிழைக்கும். அங்கே இடைவெளியைக் குறைத்து இரண்டுக்குப் பதில் மூன்றாகவும் வைக்கலாம். கன்று ஒல்லியாக இருக்கக் கூடாது. பெரிய பையில் வளர்ந்த, பென்சில் தடிமனுக்கு மேல் தண்டு உள்ள கன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். செத்த செடியின் வேர் மண்ணில் மிச்சம் இருந்தால் அதைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் குழி.

இரண்டாவது, கவாத்துச் செத்தை. எங்கள் ஊரில் கவாத்து என்றால் விறகு என்று பொருள். வெட்டின மறுநாளே சுமை சுமையாக வீட்டுக்குப் போய்விடும். நாலைந்து வருடம் மண்ணிலிருந்து செடி உறிஞ்சிய சத்தெல்லாம் அந்த இலையிலும் மிலாறிலும் இருக்கிறது. அதை அடுப்பில் வைத்துவிட்டு, அடுத்த மாதம் கடன் சொல்லி உர மூட்டை வாங்குகிறோம். இந்த முறை கட்டை விரலைவிடத் தடித்த கிளையை மட்டும் விறகுக்கு எடுத்தோம். மீதி எல்லாம் வரிசைகளுக்கு நடுவே கிடக்கிறது. ஜூன் மழையில் அதைக் கையால் விலக்கிப் பார்த்தேன். அடியில் மண் கறுத்து, பொலபொலவென்று, மண்புழு எச்சம் சின்னச் சின்ன உருண்டையாக இருந்தது. செத்தை இல்லாத பாதையோரத்தில் அதே மண் இறுகிப் பாசி பிடித்திருந்தது. இடைவெளி இரண்டே அடிதான்.

மூன்றாவது மண்ணின் புளிப்பு. தேயிலை அமில மண்ணை விரும்பும் செடிதான், பி.எச். 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சுகம். ஆனால் வருடக்கணக்காகத் தழைச்சத்து உரமாகவே போட்டால் அதற்கும் கீழே இறங்கிவிடும், அப்புறம் போடுகிற உரம் செடிக்குப் போய்ச் சேராது. குன்னூரில் உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கவாத்து வட்டத்துக்கு ஒருமுறை டோலமைட் போடுவது. பார்க்காமல் அள்ளிப் போடுவதும் தப்பு.

அப்புறம் கான், அதாவது மழைத்தண்ணீர் வடிய வெட்டும் வாய்க்கால். தாத்தா வெட்டிய கான்கள் எல்லாம் மண் நிரம்பி வெறும் தடமாகிவிட்டன. சரிவுக்குக் குறுக்கே அவற்றைத் திரும்ப எடுத்து, உள்ளே பத்தடிக்கு ஒரு குழி விட்டோம். ஓடிவரும் மண் குழியில் தங்கும். தண்ணீர் மட்டும் போகும். மழை முடிந்ததும் குழி மண்ணை அள்ளி மேல்வரிசைச் செடிக்கே போடலாம்.

இதில் எல்லாம் சேர்த்து விளைச்சல் இரண்டு மடங்காகாது. வெற்றிடம் ஓரளவு மூடி, மண் தேறினால் 2,750 கிலோ என்பது நாலைந்து வருடத்தில் 3,500 ஆகலாம். உண்மையில் ஹெக்டேருக்கு 2,000 கிலோ தூள் என்பதே ஏக்கருக்கு ஏறக்குறைய இந்த அளவு பச்சை இலைதான். நாலேகால் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று பார்த்தால் கணக்கு சரியாக வரும். அத்தான் சொன்ன 5,000-க்கு இது ஈடில்லை. ஆனால் நடுவில் ஒரு மாதம்கூட வருமானம் நிற்காது, சரிவு ஒருநாளும் மொட்டையாகாது. சரிப்படவில்லை என்றால் அடுத்த கவாத்தில் வேறு வழி பார்க்கலாம்.

கேரட்டும் உருளையும்

அக்காவின் ஆசையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கேரட் நூறு நூற்றிருபது நாளில் கைக்கு வரும். மேட்டுப்பாளையம் மண்டியில் விலை ஏறியிருக்கும் நேரத்தில் லாரி ஏற்றியவர், தேயிலையில் இரண்டு வருடத்தில் பார்க்காத காசை ஒரு போகத்தில் பார்ப்பார். கேத்தி பள்ளத்தாக்கில் அப்படி வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். அதே விலை விழுந்தால் பிடுங்கும் கூலிகூடக் கிடைக்காமல் நிலத்திலேயே உழுதுவிட்டவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் காட்டுமாடு வேறு. அது தேயிலையை மிதித்துப் போகுமே தவிர தின்னாது. கேரட் தோட்டத்தை ஒரே இரவில் முடித்துவிடும்.

ஆனால் என்னைத் தடுத்தது விலையோ காட்டுமாடோ இல்லை. எங்கள் நிலத்துக்கு எதிர்ச்சரிவில் முன்பு தேயிலையாக இருந்த ஒரு துண்டு இப்போது காய்கறி நிலம். போன ஐப்பசியில் ஒரு நல்ல மழை விட்டதும் கீழே ஓடைக்கு இறங்கிப் பார்த்தேன். எங்கள் பக்கக் கானில் வந்த தண்ணீர் கலங்கல்தான், ஆனால் அடிக்கல் தெரிந்தது. எதிர்ப்பக்கத்துத் தண்ணீர் பால் சேர்த்த டீ மாதிரி வந்துகொண்டிருந்தது. கையில் அள்ளி விட்டால் உள்ளங்கையில் மண் படிந்தது. அந்த மண் திரும்ப மேலே ஏறி வராது.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. மூன்றடிக் குச்சியின் ஒரு முனையைச் சரிவில் தரையில் வைத்து, மறுநுனியைப் பள்ளத்துப் பக்கம் மட்டமாக நீட்டிப் பிடியுங்கள். நுனியிலிருந்து தரை ஒரு அடிக்கு மேல் கீழே இருந்தால் சரிவு 33 சதவீதத்துக்கு மேல். படிமேடை கட்டினால்கூட அங்கே வருடாவருடம் கொத்திப் பயிர் செய்வது மண்ணுக்கு ஆகாது. எங்கள் நிலத்தில் வீட்டோரம் உள்ள 10 சென்ட் தவிர வேறெங்கும் இந்தச் சோதனையில் தேறவில்லை.

திரும்பிவர முடியுமா என்று கேட்டேனே, காய்கறியில் அதற்குப் பதில் முடியாது என்பதுதான். கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் தேயிலை மண்ணின் புளிப்பு ஆகாது, சுண்ணாம்பு போட்டு ஏற்றியாக வேண்டும். அப்படி ஏற்றிய மண்ணில் நாளைக்குத் தேயிலை வைத்தால் வராது. உருளை வைத்தால் முட்டைக்கூட்டு நூற்புழு இருக்கிறது. 1961-ல் நீலகிரியில் கண்டுபிடித்தது, இன்றும் மண்ணை விட்டுப் போகவில்லை. ஆகவே, காய்கறி வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். மட்டமான இடம், தண்ணீர், வேலி, விலை விழுந்தால் தாங்கப் பணம் என்ற நான்கும் இருப்பவருக்கு அது நல்ல தொழில். தேயிலை நிற்கும் சரிவைப் பிடுங்கிவிட்டு அதைச் செய்யக் கூடாது என்பதுதான் என் கருத்து.

தேயிலைக்கு நடுவே மரம்

இதைப் பற்றிக் கேட்பவர்களிடம் முதலில் எந்த உயரம் என்று கேட்பேன். கூடலூர், பந்தலூர் பக்கம் சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏற்றி, அதே ஏக்கரில் தேயிலைக்கு ஈடாகக் காசு பார்க்கிறார்கள். அங்கே மண்ணும் சூடும் மிளகுக்குச் சரி. கோத்தகிரியில் 1,800 மீட்டர் குளிரில் கொடி ஏறும், காய் பிடிக்காது. யூடியூபில் பார்த்துவிட்டு நூறு மிளகுக்கொடி வாங்கி வீணாக்கியவர் எங்கள் ஊரிலேயே உண்டு.

எங்கள் உயரத்துக்குப் பட்டர் ஃப்ரூட் வரும். ஒட்டுக்கன்று நாலைந்து வருடத்தில் காய்க்கும். ஆனால் அதன் நிழலில் தேயிலை நலிந்துவிடும், ஆகவே எல்லையோரம் மட்டும். நிழலுக்குச் சில்வர் ஓக்தான் வழக்கம்: முதலில் 20 அடிக்கு ஒன்று, வளர வளரக் கலைத்து 40 அடிக்கு ஒன்று, ஏக்கருக்கு 27 மரம் போதும். நிழலே இல்லாவிட்டால் கோடையில் செஞ்சிலந்தி இலையைச் செம்பாக்கிவிடும். நிழல் கூடினால் மழைக்காலத்தில் கொப்புள நோய் பிடித்துக்கொள்ளும். எங்களிடம் கீழ்ப்பக்கம் மரமே இல்லை, மேல்பக்கம் நெருக்கம். நெருக்கமாக இருப்பதை உடனே வெட்டவும் முடியாது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது, அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். நடும்போதே இதை யோசித்து நடுவது நல்லது.

இலையின் தரம், பறிக்கிற கை

நிலத்தை மாற்றாமல் இலையின் மதிப்பை மாற்றலாம் என்பது இன்னொரு வழி. இயற்கை முறைக்கு மாறினால் சான்றிதழுக்கு மூன்று வருடம். அதுவரையும், பல சமயம் அதற்குப் பிறகும், தொழிற்சாலைக்கு உங்கள் இலையும் பக்கத்து நிலத்து இலையும் ஒன்றுதான், ஒரே விலைதான். தனியாக வாங்குபவர் முன்கூட்டியே கிடைத்தால் மட்டும் இறங்கலாம். கையால் உருட்டிச் செய்யும் தேயிலை நல்ல விலை போகும். ஆனால் அது தோட்ட வேலையோடு விற்பனை வேலையும் சேர்ந்தது. எங்கள் வீட்டில் அதற்கு ஆள் இல்லை.

ஆள் என்றதும், எந்த வழியை எடுத்தாலும் கடைசியில் வந்து முட்டும் இடம் பறிப்புதான். எங்கள் ஊரில் கொழுந்து பறிக்கும் பெண்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். கையால் பறித்தால் பத்து நாளுக்கு ஒருமுறை சுற்றி வர வேண்டும்; ஆள் இல்லாமல் இருபது நாளானால் இரண்டு இலையும் மொட்டும் என்பது போய் நாலைந்து முற்றின இலையாகிவிடும். போன வருடம் ஒரு தொழிற்சாலையில் எங்கள் மூட்டையைத் திறந்து பார்த்துவிட்டு, முற்றல் என்றும் ஈரம் என்றும் சொல்லி எடையில் கழித்தார்கள். கோபம் வந்தது. ஆனால் முற்றல் என்றது பொய்யில்லை.

கொழுந்து வெட்டும் கத்தரியும் மெஷினும் வந்தபிறகு வேலை வேகமாகிறது. ஆனால் வருடம் முழுவதும் கத்தரியே போட்டால் செடி மேல்மட்டத்தில் முடிச்சு முடிச்சாகி, இலை சிறுத்து, செடி உணவு தயாரிக்க விட்டுவைக்கும் பராமரிப்பு இலை இல்லாமல் செடி வலுவிழக்கும். இலை குவியும் மாதங்களில் மட்டும் கத்தரி, மற்ற மாதங்களில் கை என்று வைத்துக்கொண்டோம். கத்தரியை ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, ஒரு அடுக்கு இலையைச் செடிக்கு விட்டுவிட வேண்டும். இங்கேதான் அத்தானின் 5,000 கிலோக் கனவு எனக்கு உறுத்தியது. இரண்டு மடங்கு இலை வந்தால் அதைப் பறிப்பது யார்? பறிக்க முடியாத இலை முற்றலாகத்தான் போகும்.

விட்டுக்கொடுக்க வேண்டிய நிலம்

இந்த மலையில் தேயிலை வருவதற்கு முன்னால் சோலையும் புல்வெளியும்தான் இருந்தன. அதை நாம் மாற்றினோம், அதில்தான் இத்தனை குடும்பம் பிழைக்கிறது. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் தேயிலை வைத்திருக்கவே கூடாத ஒரு துண்டு இருக்கும். ஓடையோரம் உள்ள எங்கள் 15 சென்ட் அப்படிப்பட்டது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி முதலில் இறங்கும் பள்ளம். வருடாவருடம் துளிர் கருகும், களைக்கும் உரத்துக்கும் போடும் காசுகூடத் திரும்ப வராது. அங்கே உரமும் மருந்தும் போட்டால் நேராக ஓடைக்குப் போகும், அதே ஓடைத் தண்ணீரைத்தான் கீழே ஒரு ஊரே குடிக்கிறது.

வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன், எஸ்டேட்களோடு சேர்ந்து துண்டு துண்டாகக் கிடக்கும் மழைக்காட்டைத் திரும்ப வளர்க்கும் வேலையை இருபது ஆண்டுக்கு மேலாகச் செய்துவருகிறது. தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்ட நிறுவனமான டான்டீயே 2,000 ஹெக்டேருக்கு மேல் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பது என்று 2022-ல் முடிவானது. அந்த முடிவில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அந்தத் தோட்டங்களே உருவாயின. நிலம் காட்டுக்குப் போகும்போது அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு முதலில் பதில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காட்டுக்கு விடுவது வேறு, கைவிடுவது வேறு. வெட்டாமல் விட்ட தேயிலை ஆள் உயரம் வளர்ந்து புதராகி, உண்ணிச்செடியும் சேர்ந்துகொள்ளும். பகலில் கரடியும் காட்டுமாடும் அதற்குள் படுத்திருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். விடுவதென்றால் அங்குள்ள தேயிலையைத் தரையோடு வெட்டி, காட்டுச் செண்பகம், காட்டு நாவல் என்று இந்த மண்ணின் மரத்தை நட்டு, மூன்று நாலு வருடம் களை எடுத்துப் பார்க்க வேண்டும்.

காட்டேஜுக்கு விற்பதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மேலே சொன்ன வழிகளில் எதில் தப்பு நடந்தாலும் கொஞ்சமாவது சரிசெய்யலாம். சரிவை வெட்டி கான்கிரீட் போட்டபின் அந்த நிலம் நிலமாகத் திரும்பாது. பெரியப்பா மகனிடம் இதைத்தான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

நாங்கள் பிரித்த விதம்

கடைசியில் இரண்டு ஏக்கரையும் ஒரே நிலமாகப் பார்ப்பதை விட்டோம். நோட்டில் கோடு போட்டு 200 சென்டையும் பிரித்தோம். 130 சென்ட் தேற்றுவதற்கு. மேட்டில் இருக்கும் 20 சென்ட் செங்குத்து; அங்கே ஒரு செடியைக்கூடப் பிடுங்குவதில்லை, வெற்றிடத்தில் மட்டும் பி.எஸ்.எஸ். கன்று. நடுவில் 25 சென்ட் வேரழுகல் பிடித்து, இருந்த 680 செடியில் 350 போய்விட்ட துண்டு. அத்தான் சொன்ன புதுநடவு அங்கே: இப்போது வேர் கெல்லி, குவாத்தமாலா புல் வைத்தாயிற்று, குளோன் செடிக்கு இன்னும் இரண்டு மழை இருக்கிறது. டீ போர்டின் குன்னூர் அலுவலகத்தில் அந்த வருடம் என்ன உதவித் திட்டம் நடப்பில் இருக்கும் என்று அத்தான் அதற்குள் கேட்டுக்கொள்வார். வீட்டோரம் மட்டமான 10 சென்ட் அக்காவுக்கு. முதலில் பூண்டு போட்டிருக்கிறார். ஓடையோரம் 15 சென்ட் மரத்துக்கு.

1,130 குச்சியில் 350 வேரழுகல் துண்டில், 140 ஓடையோரத்தில், 30 வீட்டோரத்தில். மீதி 610-ல், தனித்தனியாக விழுந்த 210 இடத்தைப் பக்கத்துச் செடியே மூடட்டும் என்று விட்டோம். நட வேண்டியது 400. இதே இரண்டு ஏக்கரையும் புதிதாக நட்டிருந்தால் பத்தாயிரம் கன்றுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும்.

ஜூன் மழைக்கு 250 கன்று வைத்தோம். ஒவ்வொரு கன்று வைக்கும்போதும் அங்கிருந்த குச்சியைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்தோம். அவர் அதை எண்ணி எண்ணித் திண்ணையில் கட்டிவைத்திருக்கிறார். மீதி 150 குச்சி ஐப்பசி மழைக்காகத் தோட்டத்தில் நிற்கிறது. பனிக்காலத்துக்குள் கன்றுகளை மூடச் சீமைப்பெரணித் தழை அறுத்துக் காயவைக்க வேண்டும்.